கதவு எண் 4/71 A

வல்கனைசிங் கடைக்கு மேலே என் ஒற்றை அறை.
வெட்டூர்ணிமடம் முக்கிலிருந்து எட்டு நிமிஷ நடை.
பள்ளிக்கூட மதிலுக்கு இருநூற்றுச் சொச்சம் அடி.
காலை மணி அடித்தால்
தம்ளரில் தண்ணீர் நடுங்கும்.
அதுதான் என் சொத்து என்பது தெரியவே
நாற்பத்தி நாலு வயதாயிற்று.

முதலில் வந்தவர் குலசேகரத்து ரப்பர் ஷீட் வியாபாரி.
நேந்திரங்குலையைப் படியில் சாய்த்துவிட்டு
"அக்கா, ஒரு அட்ரஸ் வேணும்" என்றார்,
தீப்பெட்டி கேட்பதுபோல.
ஆறாம் வகுப்புக்கு மூன்று கிலோமீட்டர் எல்லை.
அவர் வீடு முப்பது தள்ளி.
"மூணு போக மிச்சத்தை நீங்க பாத்துக்கிடணும்."

பிறகு தோவாளைப் பூ கமிஷன்காரர்,
பிறகு பேங்க் மேனேஜர், அவர் மச்சினன்,
பிறகு பெயர் சொல்லாமல் கவர் மட்டும் தந்த ஒருவர்.
இருபது ரூபாய்ப் பத்திரத்தில் வாடகை ஒப்பந்தம்,
கேஸ் பில்லின் நகல்.
மார்ச் முடிவதற்குள்
பதினொன்றுக்கு ஒன்பது அறையில்
ஏழு பிள்ளைகள் குடியேறினார்கள்.

எனக்கு ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் ராத்திரி ட்யூட்டி.
பகலில் ஜன்னலைச் சாத்தி உறங்குவேன்.
சத்தமே போடாத பிள்ளைகள்.
ஒருவனாவது காலை மடக்கிப் படுத்ததில்லை,
ஒருத்தியாவது போர்வையை இழுத்ததில்லை.

எட்டாவதாக வந்தது ஸ்டான்சிலா,
எனக்கு அயிலை தருகிறவள்.
சருவத்தை இறக்காமலே நின்றாள்.
போன ஆடியில் அவள் வீட்டைக் கடல் எடுத்தது.
ரேஷன் கார்டில் 12/88 இன்னும் இருக்கிறது.
தீர்வை ரசீதும் தவறாமல் வருகிறது.
முகாமாக மாறிய சர்ச் ஹாலுக்குக் கதவு எண் கிடையாது.
"இல்லாத வீட்டுலேர்ந்து தூரம் எப்படிம்மா அளக்க?"
என்றாராம் பள்ளி கிளார்க்.
சிரித்தாராம் வேறு.

"மத்தவங்ககிட்ட எவ்ளோ வாங்கின?"
ஐயாயிரம் என்றேன்.
சேலை முந்தியை அவிழ்த்து
செதிள் ஒட்டிய நோட்டுகளாய் இரண்டாயிரம் எண்ணினாள்.
வாங்கினேன்.
இந்த வரியை எழுதாமல் விட்டிருக்கலாம்.

சனிக்கிழமை விசாரணைக்கு ஆள் வருவதாகத் தகவல்.
ஏழு வீட்டிலிருந்தும் போன்:
டியூஷனுக்குப் போயிருக்கான்னு சொல்லிருங்க,
பாட்டு கிளாஸ், நீச்சல், காய்ச்சல்.

அஜிஷா மட்டும் முந்தின நாளே வந்தாள்.
என் அறையைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தாள்.
எது ஃபேன் சுவிட்ச், எது வேலை செய்யாதது.
எந்தப் படி ஆடும்.
கீழே டயர் ஒட்டும் அண்ணனுக்கு என்ன பேர்,
அவர் பூனைக்கு என்ன பேர்.
அலமாரியில் என் சேலைகளை நகர்த்தி
இரண்டு பாவாடையை அடுக்கிக்கொண்டாள்.
கூச்சமே இல்லாமல் கேட்டாள்:
"ராத்திரி நீங்க இல்லாதப்போ நான் பயப்படுவேனா?"
பயப்பட மாட்டாய் என்றேன்.
எழுதிக்கொண்டாள்.

வந்தவர் மோசமானவர் இல்லை.
தண்ணீர் கேட்டுக் குடித்தார்.
ஏழு பெயருக்கும் என் பதிலைக் கேட்டு டிக் போட்டார்.
அப்புறம் இவள் பக்கம் திரும்பினார்.
சுவிட்ச் சரி. படி சரி. பூனை சரி.
"எங்க படுப்ப மக்ளே?"
ஜன்னலடியைக் காட்டினாள்.
"உறங்குறதுக்கு முன்னாடி என்ன கேட்கும்?"
சும்மா, பேச்சுவாக்கில்தான் கேட்டார்.

"கடல்."

கீழே காற்றடிக்கும் மிஷின் நின்றுபோயிருந்தது.
வெட்டூர்ணிமடத்தில் கேட்பது
பஸ் ஹாரன், தண்ணி லாரி, எதிர்வீட்டுச் சண்டை.
அவர் பேனாவை மூடினார், திறந்தார்.
கொஞ்சம் எழுதினார்.

ஏழு பேரும் வசிப்பதாக உறுதியாயிற்று.

மே மாதம் தபால்காரர் படியேறி வந்தார்,
ஆடும் படியைத் தாண்டி மிதித்து.
பழுப்புக் கவர். முகவரி சுத்தமாக டைப் அடித்திருந்தது:
செல்வி எஸ். அஜிஷா, 4/71 A.
உள்ளே என்ன என்பது கனத்திலேயே தெரிந்தது.
ஒற்றைத் தாள்.

"இந்தப் பிள்ளை இங்கதானே இருக்கு?" என்றார்.
பாவாடைகள் இன்னும் அலமாரியில்.
ஆமாம் என்று
கையெழுத்துப் போட்டேன்.